கஞ்சிய ஆற வச்சீங்களா அத்த?

சன்னல் பக்கம் நீயே குந்திக்க கண்ணு. எனக்கு இந்தாண்டயே போதும், எறங்கறப்ப சுளுவா இருக்கும். நீ எது வரைக்கும்? சேத்துப்பட்டா? அப்ப எனக்கு அப்பறம்தான் எறங்குவ. நான் ஆலந்தாங்கல் கூட்ரோட்டுல எறங்கிடுவேன், இன்னும் முக்கா மணி நேரம் இருக்குது. கழுத்துல அட்ட தொங்குதே, இன்னா வேல? நர்சா? நல்லதாப் போச்சி. உங்கிட்ட சொன்னா புரியும். மத்தவங்ககிட்ட சொன்னா, மருமவளப் பத்தி மாமியா வேற இன்னா சொல்லுவான்னு சிரிப்பாங்க.

நீயே சொல்லு. மண்ணுக்காவ புருசன வுட்டுட்டுப் போன பொம்பளய எங்கனா பாத்திருக்கியா? குடிக்காவ போனவ இருக்கறா. அடிக்காவ போனவ இருக்கறா. எம்மருமவ மண்ணுக்காவ போயிட்டா. எம்மவன் ஏழுமல ஒரு நாளு கூட அது மேல கை வச்சதில்ல. நானும் ஒரு வார்த்த கடுசா பேசினதில்ல. வேணும்னா அதையே கேட்டுப்பாரு, எழிலரசின்னு பேரு. எங்கத்த என்னப் பெத்த தாயி மாதிரின்னுதான் சொல்லும். அப்படிச் சொல்லுது பாரு, அதான் எனக்கு... சரி, அத அப்பறம் சொல்றேன்.

எங்களுக்கு ஒரு ஏக்கரா கொல்ல. செம்மண்ணு, மானம் பாத்த பூமி. மழ பேஞ்சா மல்லாட்ட, பேயலன்னா ஒண்ணுமில்ல. மல்லாட்டன்னா தெரியுமில்ல? வேர்க்கடல கண்ணு. நீங்கல்லாம் வேர்க்கடலம்பீங்க.

அந்தக் கொல்லையிலதான் எங்கூட்டுக்காரரு கால்ல மம்மட்டிய வுட்டுக்கினாரு. கட்டவெரல்ல சின்ன வெட்டுதான். மண்ண எடுத்து மேல அப்பிக்கினு மிச்ச வேலயப் பாத்தாரு. எல்லாரும் செய்யறதுதான அது? ஆனா அவருக்கு சக்கர ஒடம்பு. பத்தாம் நாளு கால் நீலம் பூத்துப் போச்சி. பெரிய டாக்டரு பாத்துட்டு, மண்ணுல இருந்த கிருமி உள்ள போயிடுச்சிம்மான்னாரு. மொதல்ல வெரல எடுத்தாங்க. அப்பறம் பாதத்த எடுத்தாங்க. அப்பறம் முட்டி வரைக்கும் எடுத்தாங்க. நாப்பத்தேழு நாளு கட்டில் கால் கீழ நான் துணிய விரிச்சிப் படுத்துக் கெடந்தேன். மனுசன் திரும்பி வூட்டுக்கு வரல.

அன்னையிலேந்து கிருமின்னு சொன்னாலே எனக்கு ஈரக்கொல நடுங்கும். கொல்லைக்குப் போயிட்டு வந்தா கால வெந்நீர்லதான் கழுவுவேன். பேத்தி பொறந்தப்ப பாலாடயக் கொதிக்க வைக்காம ஒரு வேள பாலு ஊத்தினதில்ல. நீங்க ஆஸ்பத்திரியில அப்படித்தான சொல்லிக் குடுத்தீங்க? சூடு பட்டா கிருமி சாவும்னு? ஆங், அத ஞாபகத்துல வச்சிக்க.

மூணு வருசமா கொல்ல எங்களுக்கு ஒண்ணும் தரல. யூரியா போட்டா செடி தளதளன்னு எழும்பும், பூ வக்கும், பிடுங்கிப் பாத்தா அடியில பாதி பொக்கு, உள்ள பருப்பே இருக்காது. அடுத்த வருசம் இன்னும் ஒரு மூட்ட போடணும். எம்மவனுக்கு வெறுத்துப் போச்சி. அவன் டிராக்டர் ஓட்டறவன், ஊரு கொல்லையெல்லாம் உழுவான், சொந்தக் கொல்லைய ஏறெடுத்துப் பாக்கமாட்டான். அந்தச் சமயத்துலதான் செங்கல் சூள வச்சிருக்கற தணிகாசலம் வந்தாரு. மேல்மண்ண மட்டும் வழிச்சிக்கறேன், நாலடி, நெலம் உங்க பேருலயே இருக்கட்டும், அது எங்க ஓடிப் போவப் போவுதுன்னாரு. எம்மவன் சரின்னுட்டான்.

எழிலுதான் ஒத்துக்கல. சண்டன்னு சொல்ல முடியாது, அதுக்கு சண்ட போட வராது. சோறு போட்டுக்கினே சொல்லும். "மேல இருக்கற ஒரு சாண் மண்ணுலதாங்க உசுரு இருக்குது. அத வழிச்சி லாரியில ஏத்திட்டா, நம்ம பொண்ணோட பொண்ணு காலத்துலயும் அது திரும்பி வராது"ன்னும். இவன், "எங்கடி உசுரு இருக்குது, பொக்குதான இருக்குது"ம்பான். அது வேளாண்ம ஆபீசுல மூணு நாளு பயிற்சிக்குப் போய் வந்திருந்திச்சி. யூரியாவே வேணாம், செடியே காத்துலேந்து சத்த இழுத்துக்கும், அதுக்கு வேருல ஒண்ணு குடியிருக்கணும், அதப் பொட்டலத்துல விக்கறாங்கன்னு சொல்லிச்சி. நம்ம மண்ணுல அது செத்துப் போச்சி, திருப்பி நாமதான் வுடணும்னு சொல்லிச்சி.

ஒரு நாளு பொட்டலத்த வாங்கியாந்து நடுவூட்டுல வச்சிது. கறுப்பா, கரித்தூளு மாதிரி இருந்திச்சி. ரைசோபியமோ என்னமோ பேரு. எம்மவன் மேல எழுதியிருக்கறத எழுத்துக்கூட்டிப் படிச்சான். நுண்ணுயிர் உரம்னு இருந்திச்சி. நுண்ணுயிருன்னா இன்னாடான்னேன். "கிருமிதாம்மா, பாக்டீரியா"ன்னான். சொல்லிட்டு அவன் பாட்டுக்கு எழுந்து போயிட்டான்.

எனக்கு எப்படி இருந்திருக்கும்னு நெனச்சிப் பாரு. ஒரு கிருமி எம்புருசன வெட்டி வெட்டித் தின்னுடுச்சி. இன்னொண்ண இது காசு குடுத்து வாங்கியாந்து, பேத்தி தவழற எடத்துல வச்சிருக்குது. நான் எழிலக் கேட்டேன். அது சிரிச்சிது. "எல்லாக் கிருமியும் கெடுக்காது அத்த, இது சோறு போடற கிருமி"ன்னு சொல்லிச்சி. எனக்கு சிரிப்பு வரல.

கடசியில புருசன் பொண்டாட்டிக்குள்ள ஒரு ஒப்பந்தம். ஒரே ஒரு ஆடிப் பட்டம். யூரியா கெடையாது, எழிலு சொல்றபடிதான் எல்லாம். ஐப்பசியில கொல்ல நல்லா காச்சா மண்ணு எங்களது. இல்லன்னா தணிகாசலத்துக்கு. "அப்பறம் நீ வாயத் தொறக்கக் கூடாது"ன்னான். "தொறக்கமாட்டேன்"னிச்சி. அது சொன்னா சொன்னதுதான், அந்தக் கொணம் அதுக்கு உண்டு. நான் இல்லன்னு சொல்லல.

ஆடி பொறந்து நாலாம் நாளு நல்ல மழ. மறுநாளு வெதைக்கணும். காலையிலயே எழிலு கஞ்சி காச்சி ஆற வச்சி, ஒரு பொட்டலத்தக் கலக்கி, ஒரு மொறம் வெதப் பருப்புல பெரட்டி நெழல்ல காய வச்சி, ரோட்டோரமா எட்டு சாலு போட்டுட்டு வந்திச்சி. மிச்சப் பருப்பு சாக்குல இருக்குது, மிச்சப் பொட்டலம் மாடத்துல இருக்குது. அந்த நேரம் பாத்து பேத்திக்கு ஜொரம் கொதிக்குது, கண்ணு சொருவுது. அது கொழந்தயத் தூக்கிக்கினு வண்டியில ஏறிச்சி. ஏறிட்டு, எங்கிட்ட சொல்லிட்டுப் போச்சி.

இன்னா சொல்லிச்சின்னு எனக்கு ஒவ்வொரு வார்த்தயும் தெரியும். "அத்த, கஞ்சி நல்லா ஆறட்டும். கைய வச்சிப் பாருங்க, ஜில்லுன்னு இருக்கணும். பாலு ஆறினப்பறம்தான ஒற மோரு ஊத்துவீங்க, சூட்டுல ஊத்தினா தோயாதில்ல, அதே மாதிரிதான். பெரட்டினத வெய்யில்ல போடாதீங்க, நெழல்ல அர மணி நேரம் போதும்." மூணு தடவ சொல்லிச்சி. கொழந்த ஜொரத்துல அனத்துது, அப்பவும் தலய வெளிய நீட்டி, ஆற வைங்க அத்தன்னு கத்திக்கினே போச்சி.

எனக்கா கஞ்சி காச்சத் தெரியாது? எனக்கா ஒற ஊத்தத் தெரியாது? நாப்பது வருசமா எங்கையில ஒரு நாளு பாலு தோயாமப் போனதில்ல.

அடுப்புல கஞ்சி கொதிக்குது. கையில பொட்டலம். வெளிய டிராக்டரு உறுமுது. எம்மவன் சீக்கிரம்மா, சீக்கிரம்மாங்கறான். பேத்திக்கு எதுக்குத் திடீர்னு ஜொரம் வந்திச்சின்னு எனக்கு யோசன. நேத்து இந்தப் பொட்டலத்து மேலதான கைய வச்சி வெளயாடிக்கினு இருந்திச்சி! அப்பறம்... பொட்டலத்தக் கொட்டினேன்.

இன்னா கண்ணு அப்படிப் பாக்கற? கொதிக்கற கஞ்சியில கொட்டினா இன்னா ஆவும்னு எனக்குத் தெரியாதான்னு கேக்கறியா?

தெரியும். சாவட்டும்னுதான் கொட்டினேன்.

நல்லதுக்குத்தான் செஞ்சேன். நல்ல கிருமி, கெட்ட கிருமின்னு அது நெத்தியில எழுதி ஒட்டியா இருக்குது? அந்த மல்லாட்டயத் திங்கப் போறது எம்பேத்தி. அடுப்புல வச்சே ரெண்டு கிண்டு கிண்டினேன், ஒண்ணு ரெண்டு தப்பிச்சாலும் போவட்டும்னு. அப்பறம் எறக்கி, சூடு கொறஞ்சப்பறம் பருப்பக் கொட்டிப் பெரட்டி, மொட்ட மாடி சிமிட்டித் தரையில நல்ல வெய்யில்ல பரப்பினேன். பாக்க கறுப்பா, எழிலு பண்ணது எப்படி இருந்திச்சோ அப்படியேதான் இருந்திச்சி. வெதச்சி முடிச்சாச்சி.

சத்து மட்டும் எங்க போயிடும்னு நெனச்சேன். கிருமி போனாலும் சத்து கஞ்சியில எறங்கியிருக்கும்ல? அப்படித்தான் நெனச்சேன். நான் கொல்ல கெடணும்னு நெனக்கல. அத மட்டும் நீ நம்பணும்.

பேத்திக்கு வந்தது சளி ஜொரம்னு டாக்டரு சொல்லிட்டாரு. ரெண்டு நாள்ல சரியாப் போச்சி.

நாப்பது நாளாச்சி. ரோட்டோரம் எட்டு சாலும் கரும்பச்ச. பஸ்ஸுல போறவங்க எட்டிப் பாப்பாங்க. மத்தபடி ஏக்கராவும் வெளிர் மஞ்சளு. அங்கங்க முளைக்காம சொட்ட வேற. எழிலு தெனமும் காலையில கொல்லைக்குப் போவும், சால் சாலா குனிஞ்சி பாத்துட்டு வரும். எம்மவன், ரோட்டுத் தண்ணி எறங்குது, அதான் அந்த எட்டு சாலு நல்லாருக்குதுன்னான்.

ஒரு நாளு மத்தியானம் அவன் சாப்புட்டுக்கினு இருக்கறான், நான் கொழம்பு ஊத்தறேன். எழிலு ரெண்டு செடியப் பிடுங்கிக்கினு வந்திச்சி. வேரக் கழுவி தரையில வச்சிது. ரோட்டோரத்துச் செடி வேருல கடுகு கடுகா முடிச்சி, எண்ண முடியாது. ஒண்ண நகத்தால கிள்ளிக் காமிச்சிது. உள்ள ரத்தம் மாதிரி செவப்பு. "இதான் உசுரு"ன்னிச்சி. இன்னொரு செடி வேரு வெறும் நாரு. தேடித் தேடிப் பாத்தா ஒண்ணோ ரெண்டோ, அதுவும் வெளுத்துக் கெடக்குது.

அப்பறம் என்னப் பாத்து, மெதுவாத்தான் கேட்டிச்சி. "கஞ்சிய ஆற வச்சீங்களா அத்த?"

எம்மவன் சோத்துக் கையோட நிமுந்து என்னப் பாக்கறான். அவன் பாத்த பார்வ இருக்குதே... இத்தன வருசத்துல எம்புள்ள என்ன அப்படிப் பாத்ததில்ல. ஆற வைக்கலன்னு நான் சொல்லியிருந்தா போதும். அம்மா செஞ்ச தப்புதான், இன்னொரு பட்டம் போடலாம்னு அவனே சொல்லியிருப்பான். அவன் ஒப்பந்தத்த மதிக்கறவன். எனக்கு நல்லாத் தெரியும். அப்பவே தெரியும்.

"ஆற வச்சிதான் கலந்தேன்"னுட்டேன். "ஏம்மா, எனக்குக் கஞ்சி காச்சத் தெரியாதா?"ன்னும் கேட்டேன். கொஞ்சம் சத்தமாவே கேட்டுட்டேன்.

"தெரியும் அத்த, சும்மா கேட்டேன்"னிச்சி. ரெண்டு செடியயும் எடுத்து வெளிய போட்டுட்டு, தரய ஈரத்துணியால தொடச்சிது. எம்மேல சந்தேகப்பட்டுட்டோமேன்னு அன்னிக்கி ராத்திரி எனக்குக் காலப் புடிச்சி வுட்டுது. கேட்டியா? காலப் புடிச்சி வுட்டுது.

நீ சொல்லு, நான் இன்னா செய்ய முடியும்? புள்ள முன்னால, மருமவ முன்னால, ஆமா நான்தான் கொன்னேன்னு எப்படிச் சொல்றது? ஊருல இன்னா பேசுவாங்க? மருமவ கைக்காரியம் தழைக்கக் கூடாதுன்னு மாமியா வெந்நீர் ஊத்திட்டான்னு பேசமாட்டாங்க? நான் அதுக்காவ செய்யல. எங்கூட்டுக்காரரு காலுக்காவ செஞ்சேன். அத யாரு நம்புவாங்க?

ஐப்பசியில பிடுங்கினோம். எட்டு சால்ல செடி தூக்க முடியல, அவ்வளவு காயி. மத்ததெல்லாம் சேந்து வெதைக்குக்கூட ஆவல. எழிலு மூட்டயத் தச்சி வச்சிட்டு, "நான் தோத்துட்டேங்க"ன்னு எம்மவன்கிட்ட சொல்லிச்சி. வாயத் தொறக்கமாட்டேன்னு சொன்னபடி அதுக்கு மேல ஒரு வார்த்த பேசல. கார்த்திக முழுக்க மழ. அப்பவும் எனக்கு நேரம் இருந்திச்சி கண்ணு, ரெண்டு மாசம் முழுசா இருந்திச்சி. தெனமும் இன்னிக்கி சொல்லிடலாம்னு நெனப்பேன். பொழுது போயிடும்.

தை மாசம் ஜேசிபி வந்திச்சி. மூணு நாளு. அந்த மண்ணு மேல எனக்குக் கோவம்தான் இருந்திச்சி, எம்புருசனத் தின்ன மண்ணாச்சே. ஒழிஞ்சிதுன்னு நிம்மதியா இருக்கும்னு நெனச்சிக்கினு போயி வரப்புல நின்னேன். லாரி லாரியாப் போவுது. செவப்பா, மழ ஈரத்தோட. அவரு உழுத மண்ணும்மா அது. அவரு வேர்வ சொட்டின மண்ணு. கோவம் எங்க போச்சின்னே தெரியல, வாயப் பொத்திக்கினு அழுதேன். ரோட்டோரத்து எட்டு சாலத்தான் ஜேசிபிக்காரன் மொதல்ல வாரினான், லாரி நிக்கத் தோதா இருந்திச்சின்னு.

எழிலு வரவேயில்ல. மூணாம் நாளு சாயங்காலம், கடசி லாரி போனப்பறம், கொழந்தயத் தூக்கிக்கினு ஒரு பையோட கெளம்பிச்சி. எம்மவன் தடுக்கல. "உங்கமேல கோவமில்லங்க, அந்தப் பள்ளத்த தெனம் பாத்துக்கினு என்னால இங்க இருக்க முடியல"ன்னு சொல்லிச்சி. ஏழு மாசமாச்சி. இந்த ஆடிக்கு ஊரே வெதச்சிது. எங்க கொல்லையில தண்ணி நிக்குது. பக்கத்துக் கொல்ல வரப்பு எங்க பள்ளத்துல சரிஞ்சிக்கினு வருது, அவங்களும் வந்து கத்திட்டுப் போறாங்க. எம்மவன் யாருகிட்டயும் பேசறதில்ல. டிராக்டர எடுத்துக்கினு போனா எந்நேரம் வரானோ தெரியாது. வூட்டுல நான் மட்டும் இருக்கறேன்.

இப்ப எதுக்குப் போறன்னா கேக்கற? கூட்டியாரத்தான் போறேன். அதுவே வரேன்னு சொல்லிடுச்சி.

போன வெள்ளிக்கெழம போனு பண்ணிச்சி. "அத்த, கண்டுபுடிச்சிட்டேன்"னிச்சி. போனக் கீழ போட்டுடலாமான்னு பாத்தேன். "தப்பு எம்மேலதான் அத்த"ன்னு சொல்லுது. அங்க தாய் வூட்டுல பொம்பளைங்க குழுவுக்கு இந்தப் பொட்டல வேலயத்தான் சொல்லிக் குடுக்குதாம். சொல்லிக் குடுக்கறப்ப ஞாபகம் வந்திச்சாம். மொதப் பொட்டலம் ஒரு நாளு வாங்கிச்சி, மிச்சப் பொட்டலத்த அடுத்த வாரம் போயி வாங்கிச்சி. அன்னிக்கி பஸ்ஸு வராம, திருவண்ணாமல ஸ்டாண்டுல ரெண்டு மணி நேரம் பைய வெய்யில்ல வச்சிட்டு நின்னுதாம். "அப்பவே சூட்டுல செத்துப் போயிருக்கும் அத்த. நான் செத்த பொட்டலத்த உங்க கையில குடுத்துட்டு, உங்களப் போயி கேள்வி கேட்டேன். மாமா உழுத மண்ண நான்தான் லாரியில ஏத்திட்டேன்"னு தேம்பித் தேம்பி அழுவுது. இனிமே கோவிச்சிக்கினு குந்தியிருக்க எனக்கு அருகத இல்ல, உங்க புள்ள கால்ல வுழுந்து மன்னிப்பு கேட்டுட்டு வூட்டுக்கு வந்துடறேங்குது. எங்கிட்டதான் மொதல்ல கேக்கணும்னு தோணிச்சாம்.

அப்பவாச்சும் நான் சொல்லியிருக்கலாம். போனுதான, மூஞ்சியப் பாக்க வேணாம். வாய் வரைக்கும் வந்திச்சி கண்ணு, சத்தியமா வந்திச்சி. ஆனா அது வரேன்னு சொல்லுது. பேத்தி பக்கத்துல ஆயா ஆயான்னு கத்துது. சொல்லிட்டா வராமப் போயிட்டா? எம்மவன் அந்த வூட்டுல இப்படியே கெடந்து போயிட்டா?

"சரி வுடும்மா, மனுசன்னா தப்பு செய்யறதுதான். நான் மன்னிச்சிட்டேன்"னு சொன்னேன்.

ஆமாம்மா. நான் மன்னிச்சிட்டேன்னு சொன்னேன். உங்களுக்குப் பெரிய மனசு அத்தன்னிச்சி. வெள்ளிக்கெழமயிலேந்து எனக்குச் சோறு எறங்கல. நீ நர்சு, ஒடம்பு நோவுதான் பாப்ப, இதுக்கு ஒண்ணும் குடுக்கமாட்ட.

கூட்ரோடு வந்துடுச்சா? அந்தப் பைய மட்டும் எடுத்துக் குடு கண்ணு. தோ, நிக்குது பாரு, செவப்பு சேல. எவ்வளவு எளச்சிப் போச்சி. பேத்தி எவ்வளவு வளந்துடுச்சி. பேசாம நிக்கக் கூடாதா இது? ரோட்டுல இத்தன பேரு பாக்கறாங்க... பஸ்ஸு நிக்கறதுக்கு முன்னயே, கொழந்தயக் கீழ எறக்கி வுட்டுட்டு, ரெண்டு கையயும் கூப்பிக்கினு என்னக் கும்புடுதும்மா.